குறைந்த செலவில் யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரியரில் பையைக் கட்டிக்கொண்டு ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றால் போதும், யாராவது வந்து கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கம்பஸ் பெடியள், ஓய்வுபெற்ற வாத்திமார், லண்டனிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் என்று கேட்கிற ஆக்கள் மாறினாலும் கேள்விகள் அநேகமாக இவைதான். விலைகளை எழுதவில்லை, இன்றைக்கு எழுதுகிற விலை அடுத்த மாதம் பொய்யாகிவிடும். எதற்குக் காசு போகும், எதற்குப் போகத் தேவையில்லை என்பதைச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணை, கியர் இல்லாத சைக்கிளில தூரம் போகலாமோ?

தாராளமாக. குடாநாட்டில் மேடு என்று சொல்லப் பாலங்களை விட்டால் ஒன்றுமில்லை. ஆனையிறவு தாண்டி வன்னிக்குள் போனாலும் ஏற்றம் இருப்பது காலுக்குத் தெரியாது. வீட்டில் நிற்கிற லுமாலாவோ அப்பாவின் பழைய ராலியோ போதும்.

ஒரேயொரு மாற்றம் செய்யலாம். பின்சில்லு பிறீவீலில் பல்லுகளை எண்ணிப் பாருங்கள். அநேகமாக 18 இருக்கும். முன்பக்கம் 44 பல்லு என்றால், ஒரு உழக்குக்குப் பின்சில்லு 2.44 தரம் சுற்றும். 18-ஐக் கழற்றி 20 பல்லு பிறீவீல் போட்டால் அது 2.2 ஆகும். பத்தில் ஒரு பங்கு இலகு. நேர் றோட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. வல்லை வெளியில் எதிர்காற்றுப் பிடிக்கும்போது தெரியும். சைக்கிள் கடைக்காரர் கொஞ்ச நேரத்தில் மாற்றித் தந்துவிடுவார். சில வேளை செயினில் ஒரு கண்ணி கூட்டவேண்டி வரும். புதுக் கியர் சைக்கிளுக்குச் செலவழிக்க வைத்திருந்த காசில் இது ஒரு துளிதான்.

புதுசு வாங்கிறதோ, பழசு வாங்கிறதோ?

பழசு. 2022-இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் சனம் முண்டியடித்துச் சைக்கிள் வாங்கியது. பெற்றோல் வந்ததும் அதில் பாதி விறாந்தை மூலைக்குப் போய்விட்டது. ஒழுங்கையில் நாலு வீடு விசாரித்தால் அதிகம் ஓடாத ஒன்று அகப்படும்.

வாங்கும்போது பெயின்றைப் பார்க்காதீர்கள். பின்சில்லைத் தூக்கிச் சுழற்றிவிட்டு, றிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் இடையில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். அது கூடிக் குறைந்தால் நெளிவு இருக்கிறது. பெடல் கையைப் பிடித்து இரு பக்கமும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்றால் உள்ளே கப் தேய்ந்துவிட்டது. பிரேம் ஒட்டின இடங்களில் பெயின்ற் வெடித்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். தெரியாத ஆளிடம் வாங்கினால் பற்றுச்சீட்டோ, கையெழுத்து வைத்த ஒரு துண்டோ கட்டாயம் வேண்டும். மலிவாக வந்த சைக்கிள் களவுச் சைக்கிளாகவும் இருக்கலாம்.

புதுசுதான் வேண்டும் என்றால், வாங்கின கையோடு பயணம் வெளிக்கிடாதீர்கள். புதுச் சில்லில் கம்பிகள் இருந்து இழுபட்டுத் தளரும். நூறு கிலோமீற்றர் அளவில் ஊருக்குள் ஓடி, கம்பிகளை ஒருக்கால் இறுக்கிவித்த பிறகு போங்கள்.

எதில காசு போடவேணும்?

இரண்டு ரயர், இரண்டு ரியூப், பின்சில்லுக் கம்பிகள், சீற். இந்த நாலைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறதோடு சமாளிக்கலாம். சீற்றைப் பற்றி ஒரு சொல்: தடித்த ஸ்பொஞ்ச் உறை போட்டால் முதல் பத்துக் கிலோமீற்றர் சொர்க்கம், பிறகு நரகம். ஸ்பிறிங் வைத்த பழைய சீற்றுத்தான் நல்லது. உயரத்தைச் சரிசெய்ய, பெடலைக் கீழே விட்டுக் குதிக்காலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். எங்கள் ஆக்களில் முக்கால்வாசிப் பேர் சீற்றைப் பதித்து வைத்துக்கொண்டு முழங்கால் நோகிறது என்கிறார்கள்.

எந்த மாதம் நல்லது?

மாதத்தைக் கேட்காமல் காற்றைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடுகிறவனுக்கு மலை இல்லை, ஆறு இல்லை; காற்றுத்தான் மலை. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகிறீர்கள், அதே 15 வேகத்தில் காற்று முகத்துக்கு வருகிறது என்று வையுங்கள். காற்றின் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, நாலு மடங்காகிறது. எதிர்காற்றில் ஒரு நாள் முழுக்க உழக்கினவன் இரட்டிப்பாகத் தின்பான், பாதித் தூரம்தான் போவான், ஒரு இரவு கூடத் தங்குவான். மூன்றும் காசு.

கணக்கு இதுதான். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை. வெள்ளம் நின்றால் ஒழுங்கைகள் குளமாகும். தை, மாசியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். காலை குளிர்ச்சி, வானம் வெளிப்பு. இதைவிட நல்ல காலம் இல்லை. பங்குனி, சித்திரையில் காற்றுப் படுத்துவிடும், வெக்கை பிடிக்கும். வைகாசி நடுவிலிருந்து புரட்டாதி வரை சோளகம், தென்மேற்கிலிருந்து. இது சும்மா காற்றில்லை. விடியப்புறம் அடங்கியிருந்து, பத்து மணிக்குப் பிறகு புழுதியையும் கிளப்பிக்கொண்டு வரும்.

இதை வைத்துப் பாதையைத் தீர்மானியுங்கள். வாடைக் காலத்தில் காலையில் வடமராட்சிப் பக்கம் போய்ப் பின்னேரம் காற்றோடு திரும்புங்கள். சோளகக் காலத்தில் தீவகம்: விடியக் காற்று எழும்ப முன்னரே வேலணை, புங்குடுதீவு என்று மேற்கே போய்விட்டால், திரும்பி வரும்போது சோளகம் முதுகில் தள்ளிக்கொண்டு வரும். நீண்ட பயணத்துக்கும் இதே கதைதான். தை, மாசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு ஓடுங்கள், ரெயினில் திரும்புங்கள். ஆனி, ஆடி என்றால் ரெயினில் வவுனியா போய், அங்கிருந்து வீட்டைப் பார்த்து ஓடுங்கள். பாதை ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான். திசையை மாற்றிப் பிடித்தால் ஒரு நாள் மிச்சம்.

முதன்முதலாகப் போறன். ஒரு நாளிலை போய்வரக்கூடிய ஓட்டம் ஒண்டு சொல்லுங்கோ.

யாழ்ப்பாணம், பண்ணைப்பாலம், வேலணை, ஊர்காவற்றுறை, அங்கிருந்து 'பாதை' என்கிற மிதவையில் ஏறிக் காரைநகர், பொன்னாலைப் பாலம், வட்டுக்கோட்டை, மானிப்பாய், திரும்ப யாழ்ப்பாணம். ஏறத்தாழ 50 கிலோமீற்றர். வந்த வழியே திரும்பாத வட்டம் என்பதால் அலுக்காது.

விடிய ஐந்தரைக்குப் பண்ணையில் நில்லுங்கள். இரண்டு பக்கமும் களப்பு. தண்ணீர் முழங்கால் அளவு என்பதால் ஆக்கள் நடுக்கடலில் நடந்து திரிகிற மாதிரித் தெரியும், வலை பார்க்கிறார்கள். நிழல் என்று ஒரு மரம் இல்லை. வெயில் ஏறிய பிறகு அந்த நீளத்தில் மாட்டுப்படாமல் இருக்கத்தான் ஐந்தரை என்கிறேன்.

ஊர்காவற்றுறையில் 'பாதை' என்று சொல்வது றோட்டை இல்லை. சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஆக்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு காரைநகருக்குக் கடக்கிற மிதவை. தட்டையான இரும்புத் தளம், ஓரத்தில் கம்பி. சைக்கிளை ஸ்ராண்டில் விடாதீர்கள். அலை கொஞ்சம் தூக்கினாலும் சரிந்து அடுத்தவரின் மோட்டார் சைக்கிளில் விழும். கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அல்லது ஓரக் கம்பியில் சாய்த்துக்கொள்ள வேண்டும். கடக்கும்போது தண்ணீருக்கு நடுவில் ஒல்லாந்தர் காலத்துக் கடற்கோட்டை தெரியும். காற்றுக் கடுமையான நாளிலும் பழுது பார்க்கிற நாளிலும் பாதை நின்றுவிடும். ஆகவே வேலணையில் தேத்தண்ணி குடிக்கும்போதே 'இண்டைக்குப் பாதை ஓடுதோ?' என்று கேட்டுவிட்டுப் போங்கள். இல்லையென்றால் திரும்பி வரவேண்டியதுதான், வேறு குறுக்கு வழி கிடையாது.

காரைநகரில் நேரமிருந்தால் கசூரினாக் கடற்கரை. குளிக்க ஆசையென்றால் மாற்றுச் சாரம் வேண்டும், உப்புத் தண்ணீரோடு சீற்றில் இருந்தால் தொடை உரியும்.

நெடுந்தீவுக்குச் சைக்கிள் கொண்டு போகலாமோ?

ஏற்றலாம், ஆனால் என் கணக்கில் வேண்டாம். குறிகாட்டுவானில் படகு நிரம்பி வழியும்போது சைக்கிளுக்கு இடம் கேட்டு வாதாட வேண்டும், உப்புத் தண்ணீர் வேறு தெறிக்கும். சைக்கிளைக் குறிகாட்டுவானில் பூட்டிவிட்டு, நெடுந்தீவில் இறங்கி அங்கேயே வாடகைக்கு ஒன்று எடுங்கள். கடல் ஒரு மணித்தியாலம் அளவு. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கினவுடனே கேட்டுக்கொள்ளுங்கள். தவறினால் இரவு அங்கேதான்.

பவளக்கல்லை அடுக்கிக் கட்டின மதில்கள், ஒல்லாந்தர் கோட்டை, பெருக்க மரம், தெற்கு வெளியில் மட்டக்குதிரைகள். இதெல்லாம் பார்க்க நிழலில்லாமல் அலைய வேண்டும். தண்ணீர் இங்கிருந்தே கொண்டுபோங்கள். அங்கே குடிக்கிற தண்ணீர் அருமை, அந்த ஊர்ச் சனத்திடம் போய்ப் போத்தல் போத்தலாக நிரப்பிக் கேட்பது நியாயமுமில்லை.

ரெண்டு நாள் கிடைச்சால்?

வடமராட்சி. பருத்தித்துறை வீதியில் கோப்பாய், நீர்வேலி, புத்தூர் வழியாகப் போய், புத்தூர்ப் பக்கம் கொஞ்சம் விலகினால் நிலாவரைக் கிணறு. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. பிறகு வல்லை வெளி. நெல்லியடி தாண்டிப் பருத்தித்துறையில் தட்டை வடை வாங்குங்கள். உழுந்தும் மிளகாயும் போட்டு மொறுமொறு என்று தட்டிப் பொரித்தது, ஒரு கிழமைக்குக் கெடாது. சைக்கிள்காரனுக்கென்றே யாரோ கண்டுபிடித்தது போலத்தான் எனக்கு எப்போதும் படும்.

அங்கிருந்து வல்லிபுர ஆழ்வார் கோயில், மணற்காடு, குடத்தனை, நாகர்கோவில் என்று கிழக்குக் கரையோடு மருதங்கேணி வரை போகலாம். மணற்காட்டில் மணல் மேடுகள் இருக்கின்றன. றோட்டில் மணல் ஏறிக்கிடக்கிற இடங்களில் ரயர் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் புதையாமல் போகும். இறங்கித் தள்ளினாலும் மரியாதைக் குறைவில்லை. மருதங்கேணியிலிருந்து உள்ளே திரும்பி ஏ9 வீதிக்கு வந்து கொடிகாமம், சாவகச்சேரி வழியே வீடு. அந்தக் கிழக்குக் கரையில் கடைகள் குறைவு, சாப்பாட்டைப் பருத்தித்துறையிலேயே கட்டிக்கொள்ளுங்கள்.

வவுனியாவோ மன்னாரோ போறதெண்டால் எந்த வழி?

வவுனியாவுக்கு ஏ9. ஏறத்தாழ 140 கிலோமீற்றர், இரண்டு நாளாகப் பிரித்தால் முதல் நாள் கிளிநொச்சி. றோட்டு நன்று, கடைகள் உண்டு, பஸ்காரர்கள் மட்டும் நல்லவர்களில்லை. ஓரக் கோட்டுக்கு வெளியே ஓடுங்கள். பின்னால் ஹோர்ன் நீளமாகக் கேட்டால் யார் பிழை என்று யோசிக்காமல் இறங்கிவிடுங்கள். முறிகண்டியில் எல்லாரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள்: பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், உங்களுக்கு ஒரு சுருள் வறுத்த கச்சான். மாங்குளத்துக்கு அங்கால் காடு கூடும். பொழுதுபட்ட பிறகு அந்தப் பக்கம் ஓட வேண்டாம். யானை றோட்டுக்கு வருகிற இடங்கள் உண்டு, சைக்கிள் லைற் அதற்குக் காணாது.

மன்னாருக்கு ஏ32. நாவற்குழியால் திரும்பிக் கேரதீவு, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி. 2011-இல் பாலம் திறந்த பிறகுதான் இந்த வழி நேர்வழியானது. அதற்கு முன் ஏ9-ஆல் சுற்ற வேண்டும். மன்னார் நூறு கிலோமீற்றரைத் தாண்டும். வாகனம் குறைவு, அமைதி, வடிவு, ஆனால் பூநகரியை விட்டால் கடைக்கும் கடைக்கும் இடையில் நீளமான வெளி. பாலத்தில் பக்கக்காற்று திடீரென்று தள்ளும். இரண்டு பேர் சமாந்தரமாகப் பேசிக்கொண்டு போகிற இடமில்லை அது. காற்றில்லாத விடியப்புறத்தில் இந்த வழிக்கு ஈடில்லை என்பேன், சோளகத்தில் தெற்கு நோக்கி இதில் போகிறவரை எனக்குத் தெரிந்தால் மறிப்பேன்.

இரவு எங்கை படுக்கிறது? லொட்ஜுக்குக் காசு இல்லை.

பயணத்தில் கூடக் காசு தின்பது இதுதான், ஆகவே விளக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் சனம் காசில்லாமல் தூரம் போகிற வித்தையை எப்போதோ கற்றுவிட்டது. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு வருடாவருடம் நடந்து போகிறவர்களைப் பாருங்கள். கோயில் மண்டபம், மடம், பள்ளிக்கூட விறாந்தை, ஆற்றங்கரை மரம் என்று படுத்தெழும்பித்தான் போகிறார்கள். சைக்கிள்காரனுக்கும் அதே வழி திறந்திருக்கிறது. சந்நிதியைச் சுற்றி மடங்கள் உண்டு, அன்னதானக் கந்தன் என்று பெயரெடுத்த இடம். கீரிமலையில் மடமும் உண்டு, கேணியில் குளிக்கலாம். திருக்கேதீச்சரத்திலும் மடங்கள் இருக்கின்றன. மடு மாதா கோயிலில் திருவிழாக் காலத்தில் சனம் மரங்களின் கீழ் கூடாரம் போட்டுத் தங்கும்.

கேட்கிற முறை முக்கியம். பொழுதுபட முன்னர் போங்கள். இருட்டின பிறகு வருகிற ஆளை யாரும் விரும்பமாட்டார்கள். அரைக் காற்சட்டையோடு உள்ளே போகாதீர்கள், கேணியிலோ கிணற்றிலோ கைகால் கழுவி, சாரத்தைக் கட்டிக்கொண்டு பொறுப்பானவரைத் தேடுங்கள். 'ஐயா, யாழ்ப்பாணத்திலயிருந்து சைக்கிளில வாறம். இரவைக்கு விறாந்தையில படுத்திட்டு விடிய வெளிக்கிடுவம்' என்றால் போதும். அடையாள அட்டையைக் கேட்க முன்னரே நீட்டுங்கள். மச்சம் மாமிசம் பையில் இருக்கக்கூடாது, குடியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அன்னதானத்தில் இருந்து சாப்பிட்டால் பிறகு இலை எடுக்கவோ மரக்கறி வெட்டவோ கை கொடுங்கள், உண்டியலில் கடைச் சாப்பாட்டுக் காசையாவது போடுங்கள். மடம் அடியார்களுக்கு; 'செலவில்லாமல் சுற்றினோம்' என்று பீற்றுவதற்கு அதைப் பயன்படுத்தினால் அடுத்து வருகிறவனுக்குக் கதவு சாத்தப்படும். திருவிழா நாட்களில் அடியார்களுக்கே இடம் காணாது, அந்நேரம் போகாதீர்கள்.

மடம் இல்லாத ஊரில் சொந்தக்காரர். யாழ்ப்பாணத்தானுக்கு வன்னியில் ஒரு பெரியம்மாவோ சித்தப்பாவோ இல்லாமல் போகாது. வெறுங்கையோடு போகாமல் ஒரு பை வடையோ வாழைப்பழமோ கொண்டுபோங்கள், வரும்போது பை கனத்துத்தான் வரும்.

கூடாரம் அடிக்கலாமோ?

கடற்கரையில், ஊரவர்களிடம் கேட்டுவிட்டு அடிக்கலாம். கூடாரம் வாங்க வேண்டியதில்லை. ஒரு படங்கும் கயிறும் நுளம்பு வலையும் காணும். ஆனால் ஏ9 ஓரமாக, குறிப்பாக முகமாலைப் பக்கம், கண்ட பற்றைக்குள் இறங்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கிற இடம் கண்ணிவெடி அகற்றி முடியாத இடம். மலசலத்துக்குக்கூட றோட்டை விட்டு உள்ளே போகவேண்டாம், ஒரு வீட்டிலோ கடையிலோ கேளுங்கள். பலாலிப் பக்கம் படைமுகாம் வேலிகளுக்கு அருகில் தங்குவதும் படம் எடுப்பதும் வீண் சிக்கல்.

சாப்பாடு?

காலையில் கடையில் இடியப்பமும் சொதியும் சம்பலும், அல்லது புட்டு. மத்தியானம் சைவக்கடைச் சோறு. கறியும் சோறும் திரும்பப் போடுகிற கடை எதுவென்று ஓட்டோக்காரரைக் கேட்டால் தெரியும். இரவு கொஞ்சமாக, பாணோ றொட்டியோ. இடையில் தின்ன, பக்கற்றில் அடைத்த பிஸ்கற் சொக்லேற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். புழுக்கொடியல், எள்ளுப்பாகு, பயத்தம்பணியாரம், கச்சான், கதலிப்பழம். புழுக்கொடியலை ஒரு தேங்காய்ச் சொட்டோடு சப்பிக்கொண்டு போனால் ஒரு மணித்தியாலம் வாய்க்கும் வேலை, வயிற்றுக்கும் வேலை. தை, மாசியில் அவித்த பனங்கிழங்கு, சித்திரையில் நுங்கு. றோட்டோரமே விற்கும்.

வெயிலை எப்பிடிச் சமாளிக்கிறது?

வெயிலில் ஓடாமல்தான். விடிய ஐந்தரையிலிருந்து பத்து வரை, பிறகு பின்னேரம் மூன்றரையிலிருந்து இருட்ட முன்னர் வரை. மணிக்கு 12 கிலோமீற்றர் போனாலும் அதற்குள் 60, 70 ஓடிவிடலாம். நடுப்பொழுதைக் கோயில் மண்டபத்திலோ மரத்தடியிலோ கழியுங்கள். அந்த ஐந்தரை மணித்தியாலத்தை வீண் என்று நினைக்கிறவர்கள்தான் சோடாப் போத்தலாக வாங்கிக் குடித்துக் காசை முடிக்கிறார்கள்.

ஓடும்போது மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் போக வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் காணாது. ஜீவனிப் பக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) இரண்டு பையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணளவில் போடாமல் அளந்து போடுங்கள். மோர் கிடைத்தால் இன்னும் நல்லது. வேர்வை நின்று தலை இடித்து, குமட்டினால் உடனே நிழலில் படுங்கள், தலையில் தண்ணீர் ஊற்றுங்கள், அன்றைக்கு ஓட்டம் முடிந்தது.

காத்துப் போனால் என்ன செய்யிறது? ஒண்டும் தெரியாது எனக்கு.

ஊருக்குள் என்றால் ஒன்றும் தெரியத் தேவையில்லை. சந்திக்குச் சந்தி ஒட்டுப்போடுகிற கடை உண்டு. ஏ32-இலும் வடமராட்சி கிழக்கிலும் தெரிந்திருக்க வேண்டும். போக முன்னர் உங்கள் வழமையான சைக்கிள் கடையில் அரை நாள் இருந்து, காசு கொடுத்தே பழகிக்கொள்ளுங்கள்.

காற்றுப் போனவுடன் ரியூப்பைக் கழற்றாதீர்கள், முதலில் வால்வைப் பாருங்கள். எங்கள் பழைய மாதிரி வால்வுக்குள் சின்ன இறப்பர்க் குழாய் ஒன்று இருக்கிறது. வெயிலில் அது வெடித்துப் போனால் மெல்ல மெல்லக் காற்று இறங்கும். வால்வின் வாயில் துப்பலைத் தடவினால் குமிழி வரும். கழற்றி, ஒரு விரற்கடை புதுக் குழாயை மாட்டி, அடித்தால் சரி. அந்தக் குழாய் ஒரு முழம் வாங்கி வையுங்கள், சில்லறைக் காசு. இது தெரியாமல் நல்ல ரியூப்புக்கு ஒட்டுப்போட்ட ஆக்கள் கனபேர்.

தீவகத்தில் உடைமுள் பெரிய தொல்லை. பழைய ரியூப்பை நீளமாக வெட்டி விரித்து, ரயருக்கும் ரியூப்புக்கும் இடையில் போட்டுவிட்டால் பாதி முள் உள்ளே போகாது. கொஞ்சம் பாரம் கூடும், பரவாயில்லை.

மிச்சச் சாமான்: பம், ஒரு முழு ரியூப், ஒட்டுத்துண்டு, உடைக்காத சொலூசன் (ஒருக்கால் திறந்தது அடுத்த பயணத்துக்குள் காய்ந்திருக்கும்), அரத்தாள், அச்சு நட்டுக்குப் பொருந்துகிற ஸ்பனர், குறடு, இரண்டு மூன்று கம்பி. பின்சில்லில் கம்பி அறுந்தால் அதைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு மெதுவாக அடுத்த கடை வரை போகலாம். செயினுக்குத் தையல் மெசின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் பிசினாகும், பழைய எஞ்சின் ஒயில் மண்ணை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். பண்ணை, பொன்னாலை, சங்குப்பிட்டி எதைக் கடந்து வந்தாலும் அன்றிரவே நல்ல தண்ணீரால் செயினைக் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள். உப்புக் காற்று விடியமுன் துருப்பிடிக்க வைத்துவிடும்.

பை எல்லாம் சரியான விலையா இருக்கே?

உரப்பை இரண்டு வாங்கித் தையல்காரரிடம் கொடுத்து, கரியரின் இரு பக்கமும் தொங்குகிற மாதிரி நடுவில் பட்டி வைத்துத் தைப்பியுங்கள். உள்ளே சாமானைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டினால் மழைக்கும் பயமில்லை. இறுக்கிக் கட்டப் பழைய ரியூப்பிலிருந்து வெட்டின பட்டியை வெல்ல ஒன்றுமில்லை. கீழ்ப்பக்கம் சில்லுக் கம்பிக்குள் போகாமல் ஒரு சிலாகையோ தடித்த மட்டையோ உள்ளே வையுங்கள். முதுகில் பை போடவேண்டாம்.

சாரம் ஒன்று, மாற்று உடுப்பு ஒரு சோடி, துவாய், நுளம்பு வலை, படங்கு, மருந்து, சைக்கிள் திருத்துகிற ஆயுதங்கள். எட்டுக் கிலோவைத் தாண்டினால் எதையாவது எடுத்துவிடுங்கள். கரியர் தாங்குமா என்று கேட்காதீர்கள். 1995 இடப்பெயர்வில் ஒரு வீட்டையே சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போன சனம் நாங்கள். கரியர் தாங்கும், முழங்கால்தான் தாங்காது.

ரெயினிலை சைக்கிள் ஏத்தலாமோ?

பார்சலாக ஏற்றலாம். எல்லா ரெயினிலும் ஏற்றமாட்டார்கள், அதே ரெயினில்தான் வரும் என்ற உறுதியும் இல்லை. முதல் நாளே நிலையத்தில் பார்சல் பகுதியில் கேளுங்கள். புறப்பட ஒரு மணித்தியாலம் முன்னராவது கொண்டுபோய்க் கொடுங்கள். பம், மணி, லைற், பை எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரும் போய்ச்சேர வேண்டிய நிலையமும் எழுதின மட்டை ஒன்று பாரில் கட்டியிருக்க வேண்டும். பஸ் என்றால் கொண்டக்டரின் மனம். கூட்டமில்லாத நேரம், கடைசித் தரிப்பிடத்தில் ஏறுங்கள்.

பெண் பிள்ளைகள் தனியாப் போகலாமோ?

சேலையோடு சைக்கிளில் போகிற ரீச்சர்மாரைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. பகலில் ஓடுவதை யாரும் விநோதமாகப் பார்க்கமாட்டார்கள். வன்னியிலும் அப்படித்தான். கரைச்சல் இரவுத் தங்கலில். இரண்டு மூன்று பேராகப் போங்கள், தங்குகிற இடத்தை முதலே கதைத்து ஒழுங்கு செய்யுங்கள், மடத்து விறாந்தையை விடத் தெரிந்த குடும்பம் நல்லது. துப்பட்டாவும் செயினும் பகை. செயின் கவர் இருக்கிற சைக்கிளை எடுங்கள்.

பொலிஸ் பிடிக்குமோ?

இரவில் லைற் இல்லாவிட்டால் மறிப்பார்கள், அது சரியும்கூட. முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு. டைனமோ வேலை செய்தாலும் சைக்கிள் நின்றால் அதுவும் நின்றுவிடும், ஆகவே பற்றரி லைற் ஒன்று பின்னால் இருக்கட்டும். ஹெல்மெற் இல்லை என்று சைக்கிள்காரனை மறிப்பதில்லை. ஆனால் ஏ9-இல் போடுங்கள்.

மொத்தமா எவ்வளவு காசு வேணும்?

உங்கள் ஊர்க் கடையில் ஒரு மத்தியானச் சாப்பாட்டின் விலையை எடுங்கள். மடத்திலோ உறவினர் வீட்டிலோ தங்கினால், ஒரு நாளுக்கு அதைப்போல ஐந்து மடங்கு காணும்: மூன்று நேரச் சாப்பாடு, தேத்தண்ணி, இளநீர், உண்டியல், ஒரு ஒட்டுப்போடுகிற கூலி. இதற்கு வெளியே, திரும்பி வர பஸ் காசும் ஒரு புது ரயரின் விலையும் தனியாக மடித்து வையுங்கள், சீற்றுக்குக் கீழே வேண்டாம், உடம்பில்.

நாய் துரத்தினால்?

வேகமாக உழக்காதீர்கள், அது இன்னும் உசாராகும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நடவுங்கள். குனிந்து கல் எடுக்கிற மாதிரிக் காட்டினாலே யாழ்ப்பாணத்து நாய்களில் அநேகம் திரும்பிவிடும். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய் ஊசிக்கு அங்கே காசில்லை.